11-ஆவது தவணையில் தெரிந்த காலிச் சிறுநீர்ப்பை

மும்பையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இங்கே எழுதுவது எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்ற ஒரு அக்காவின் நிகழ்வு. அவரிடம் ஒப்புதல் வாங்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கதிர்வீச்சின்போது குடலைக் காப்பது என்றால் எந்த மாத்திரை, எந்த பவுடர் என்றுதான் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்கிறார்கள். இந்த அக்காவின் குடலுக்கு ஆபத்து வந்த வழியும் அதைத் தடுத்த வழியும் ஒன்றுதான்: தண்ணீர்.

நோயாளி

வயது 51. கல்யாணமாகி 19 வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். வீட்டோடு இட்லி வியாபாரம். இரவு 2 மணிக்கு அடுப்பு மூட்டினால், விடிவதற்குள் அக்காவின் கணவர் அண்ணாச்சி சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாவு, அடுப்பு, சட்னி எல்லாம் அக்கா பொறுப்பு.

மாதவிடாய் நின்று 3 வருடம் கழித்து மறுபடியும் இரத்தம் பட்டது. 4 மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய், செதிள் செல் வகை, நிலை 2பி என்று தெரிந்தது. இந்த நிலையில் வழக்கமாக அறுவை சிகிச்சை செய்வதில்லை. வெளிக் கதிர்வீச்சு, அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, கடைசியில் கதிர் மூலத்தை உள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. இவருக்கும் அதே திட்டம்: 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 25 தவணைகளில், சிஸ்பிளாட்டின் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம், உள்கதிர்வீச்சு 7 கிரே வீதம் 4 முறை. மொத்தமும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும்.

குடலைப் பொறுத்தவரை இவர் ஆரம்பத்திலேயே கவலைக்குரிய நோயாளி. உயரம் 152 செ.மீ., எடை 44 கிலோ. மெலிந்தவர்களுக்குச் சிறுகுடல் இடுப்புக்குழிக்குள் எளிதாக இறங்கிவிடும். குடும்பக் கட்டுப்பாடு, குடல்வால் என்று வயிற்றில் ஏற்கெனவே இரண்டு அறுவை சிகிச்சைகள். உள்ளே ஒட்டுதல் இருந்தால் குடலின் ஒரு பகுதி நகராமல் ஒரே இடத்தில் கிடந்து, தினமும் அதே கதிரை வாங்கும். போதாததற்கு 6 வருடமாகச் சர்க்கரை நோய். அது சிறு இரத்தக் குழாய்களை ஏற்கெனவே நலிய வைத்திருக்கும். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது

இவருக்கு ஐஎம்ஆர்டி முறையில் திட்டம் போட்டார்கள். கதிரின் வலிமையைத் துண்டு துண்டாக மாற்றி, இலக்கைச் சுற்றி வளைத்து, குடலை முடிந்தவரை விலக்கிக் கொடுக்கும் முறை. இந்த முறை குடலை உண்மையிலேயே காக்கிறது என்பதற்கு வலுவான சான்று இந்த ஊரிலிருந்தே வந்தது. மும்பை டாடா நினைவு மையத்தில் சுப்ரியா சோப்ரா தலைமையில் நடந்த பார்சர் ஆய்வில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சுக்கு வந்த 300 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்குப் பழைய முப்பரிமாண முறை. மீதிப் பேருக்குத் தினமும் படம் பார்த்துக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி. 2021-ல் வெளிவந்த முடிவின்படி, 3 வருடத்தில் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட நாள்பட்ட குடல் பாதிப்பு பழைய முறையில் 42.4 சதவீதம், புதிய முறையில் 21.1 சதவீதம். நோய்க் கட்டுப்பாட்டில் இழப்பு இல்லை. அக்காவுக்குக் கருப்பை எடுக்கப்படவில்லை என்பதால் அந்த எண்களை அப்படியே இவருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் தினமும் படம் பார்ப்பதும் அந்த முறையின் ஒரு பகுதி என்பதைக் கவனியுங்கள். இங்கே கதை அதில்தான் திரும்புகிறது.

திட்டத்துக்கான சிடி ஸ்கேன் எடுத்த அன்று செவிலியர் பக்கத்திலேயே நின்று தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தார். சிறுநீர்ப்பையில் 280 மில்லி இருந்தது. நிறைந்த சிறுநீர்ப்பை ஒரு தலையணை மாதிரி. சிறுகுடலை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். 45 கிரே வாங்கும் குடல் பகுதி 195 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. இவர் திட்டத்தில் அது 160. எல்லோருக்கும் திருப்தி.

11-ஆவது தவணை

எங்கள் பிரிவில் அப்போது தினமும் எலும்பை மட்டும் படத்தில் ஒத்துப் பார்ப்பார்கள். மென்திசு தெரியும் கோன்பீம் சிடி வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை. முதல் திங்கள் செவிலியர் தண்ணீர் கொடுத்தார், படம் சரி. இரண்டாவது திங்கள் சிறுநீர்ப்பை கொஞ்சம் சிறிதாக இருந்தது. டெக்னீஷியன் இந்தியில், “பானி ஜ்யாதா பீஜியே” (தண்ணீர் அதிகமாகக் குடியுங்கள்) என்றார். அக்கா தலையாட்டினார். மூன்றாவது திங்கள், 11-ஆவது தவணை. சிறுநீர்ப்பையில் சுமார் 60 மில்லிதான். மேலே இருக்க வேண்டிய குடல் வளையங்கள் கதிர் படும் இடத்துக்குள் இறங்கிக் கிடந்தன. கருப்பையும் நகர்ந்திருந்தது, நல்லவேளை, இலக்குக்கு விட்டிருந்த ஓரத்தைத் தாண்டவில்லை. அன்றைய படத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது, தினமும் இப்படியே இருந்தால் 45 கிரே வாங்கும் குடல் 310 கன சென்டிமீட்டர் ஆகும் என்று வந்தது. திட்டத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

அன்று அந்த அறையில் தமிழ் பேசத் தெரிந்த ஆள் நான்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

“குடிச்சா நடுவுல வந்துரும்லா தாயி. ரயில்ல எங்க போவ? வீட்டுலயுந்தான் எங்க இருக்கு? வெளிய போயி வரிசையில நிக்கணும்.”

நான்கே வாக்கியம். எங்கள் பிரிவில் யாருமே கேட்டிராத கேள்விக்கு அது பதில். தாராவியின் பெரும்பாலான வீடுகளில் தனிக் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறையில் காலை வரிசை நீளம். லோக்கல் ரயிலில் கழிப்பறையே இல்லை. இந்த வாழ்க்கையில் ஒரு பெண் தாகத்தை அடக்கப் பழகியிருப்பாள். அது சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை. முப்பது வருடப் பழக்கம். நாங்களோ அவர் கையில் இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, “முழுச் சிறுநீர்ப்பையோடு வரவும்” என்று சொல்லியிருந்தோம். வீட்டிலிருந்தே நிறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார். முடியாது என்று தெரிந்ததும், சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார்.

மாற்றியது இதுதான். காலை 8 மணிக்கு இருந்த சிகிச்சையை 11-க்குத் தள்ளினோம். வியாபார வேலை முடிந்து, நெரிசல் குறைந்த ரயிலில் வரலாம். வந்ததும் மருத்துவமனைக் கழிப்பறைக்குப் போய் முழுவதும் காலி செய்வது. பிறகு அரை லிட்டர் தண்ணீரை 10 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு 45 நிமிடம் காத்திருப்பது. இயந்திரம் தாமதமானால் தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் தள்ளிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடக்க முடியாமல் பாதியில் ஓட வேண்டிவரும், மறுநாள் அந்தப் பயத்தில் குறைவாகக் குடிப்பார்கள். அதனால் எப்போது குடிக்க வேண்டும் என்று டெக்னீஷியனே வந்து கைகாட்டிச் சொல்வார். படுக்கவைப்பதற்கு முன் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சின்ன ஸ்கேனரில் அளவு பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒரு நாளும் 200 மில்லிக்குக் குறையவில்லை.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

அன்று தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினேன். வயிற்றால் போகிறதா என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை ரயில் நிலையப் படிக்கட்டில் அக்கா மயங்கி விழுந்தார்.

வார்டில் மகள் சொன்னபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. 8 நாளாக வயிற்றுப்போக்கு. பகலில் 5, இரவில் 2. கரண்டு (கதிர்வீச்சு) வைத்தால் வயிற்றால் போகும் என்று தெருவில் எல்லோரும் சொல்லியிருந்ததால், அதைப் போய் டாக்டரிடம் சொல்வானேன் என்று இருந்திருக்கிறார். போவதைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்தார். வயிறு சுத்தமாகட்டும் என்று உறவுக்காரர் ஒருவர் கொடுத்த கடுக்காய்ப் பொடியை இரவில் சாப்பிட்டார். கடுக்காய் மலமிளக்கி. மெட்ஃபார்மினையும் விடவில்லை. அதுவும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கக்கூடிய மாத்திரை. எடை 41.2 கிலோ. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.8-லிருந்து 1.6 ஆகியிருந்தது. சிஸ்பிளாட்டினும் நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

ஏன் இரண்டாவது வாரத்தில் தொடங்குகிறது என்று அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். குடலின் உள்பூச்சு மாவு வியாபாரம் மாதிரி. அடியில் உள்ள குழிகளில் புதுச் செல்கள் உற்பத்தியாகி மேலே ஏறி, 3 முதல் 5 நாளில் உதிர்ந்துவிடும். கதிர் முதலில் அடிப்பது உற்பத்தி செய்யும் இடத்தை. இன்று மாவு அரைக்காவிட்டால் இன்றைய இட்லி நின்றுவிடாது, நேற்று அரைத்தது இருக்கும்; அடுத்த நாள்தான் கை காலியாகும். தினமும் கதிர் தொடர்வதால் அரைப்பது குறைந்துகொண்டே போய், உறிஞ்சும் விரல்கள் குட்டையாகின்றன. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த விரல்களின் நுனியில்தான் இருக்கிறது, அது குறைகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் விட, அது பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கிறது. சிகிச்சை முடிந்தபின் சில வாரங்களில் அடிக்குழி மீண்டுவிடும். “அப்ப அடுப்பு அணையல, மாவுதான் கொறஞ்சிருக்கு,” என்றார் அக்கா. சரியாகப் பிடித்துக்கொண்டார்.

2 நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை, மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியானதும் வயிற்றுப்போக்கை அடக்கும் லோபெராமைடு கொடுத்தார்கள்: முதலில் 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு முறை இளக்கமாகப் போனதும் 2 மில்லிகிராம், ஒரு நாளில் 16-க்கு மேல் போகக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் ஆக்ட்ரியோடைடு ஊசி என்று குறித்து வைத்திருந்தார்கள், தேவைப்படவில்லை. மெட்ஃபார்மினை நிறுத்தித் தற்காலிகமாக இன்சுலின். கடுக்காய் நின்றது. அந்த வார சிஸ்பிளாட்டின் ரத்து. 4 நாளில் கிரியாட்டினின் 0.9, போக்கு நாளுக்கு 3 முறை. கதிர்வீச்சில் 2 நாள் மட்டுமே விடுபட்டது.

வயிற்றுப்போக்கு முழுவதையும் கதிரின் தலையில் கட்டியிருந்தால் மெட்ஃபார்மினும் கடுக்காயும் கடைசி வரை ஓடியிருக்கும். கதிர்வீச்சு நோயாளியின் வயிற்றைக் கேட்கும்போது, கூடவே என்னென்ன மாத்திரை, என்னென்ன பொடி என்று பையைக் கவிழ்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சாப்பாடு

இது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதிர்வீச்சு தொடங்கும் நாளிலேயே நார்ச்சத்தை முழுவதும் நிறுத்துங்கள், காய் வேண்டாம், பழம் வேண்டாம், பால் வேண்டாம் என்று ஒரு பழைய தாள் பல இடங்களில் சுற்றுகிறது. எங்களிடமும் இருந்தது. லண்டனில் இடுப்புக் கதிர்வீச்சு பெற்ற 166 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், நார்ச்சத்தை அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் தொல்லை குறைவாகவே இருந்தது. ஒரு வருடம் கழித்தும் அந்த நன்மை நின்றது. அதற்காக வயிற்றால் போய்க்கொண்டிருக்கும்போது கீரையும் கொண்டைக்கடலையும் சாப்பிடச் சொல்ல மாட்டேன். போக்கு கடுமையாக இருக்கும் சில நாள் மட்டும் குறைத்து, அடங்க அடங்கத் திரும்பச் சேர்ப்பதே என் வழி.

அக்காவின் சமையலறையிலேயே நல்ல உணவு இருந்தது. இட்லி ஆவியில் வேகுவது, எண்ணெய் இல்லை, அரிசியோடு உளுந்தின் புரதமும் சேர்கிறது. முதல் 4 நாள் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, ஓ.ஆர்.எஸ்., இட்லி, தெளிந்த பாசிப்பருப்புச் சாறு, பாதி வாழைப்பழம். தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்றேன். கொழுப்பு கூடினால் பித்தம் கூடச் சுரக்கும். ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருக்கிறதே என்று மகள் பயந்தார். நீரை உள்ளே இழுப்பதே அந்தச் சர்க்கரையும் உப்பும் சேர்ந்துதான் என்று விளக்கி, இன்சுலின் அளவைப் பார்த்துக் கொடுத்தோம். அப்புறம் அவித்த முட்டை தினமும் 2, மசாலா குறைத்த மீன் குழம்பு, கேரட், பூசணி.

பால் டீ நாளுக்கு 5 டம்ளர் குடிப்பவர். அதை ஒன்றாக்கினோம். தயிரை நிறுத்தவில்லை, புளிக்கும்போது பால் சர்க்கரை குறைவதால் மோரை அவர் வயிறு ஏற்றுக்கொண்டது. லாக்டோபேசில்லஸ் கொண்ட புரோபயாட்டிக்குகள் இடுப்புக் கதிர்வீச்சில் வயிற்றுப்போக்கைத் தடுக்க உதவலாம் என்று உலக வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. ஆனால் ஆய்வுகளில் கொடுத்த அளவும் வகையும் வீட்டு மோரில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மோர் அவருக்கு உணவு, உப்பு, தண்ணீர்; அதுவே போதுமான காரணம். வெள்ளணுக்கள் குறைந்தால் அந்தச் சமயம் புரோபயாட்டிக் கேப்சூல் வேண்டாம் என்பதையும் சொல்லிவைத்தோம்.

குளுட்டமைன் பவுடர் வாங்கட்டுமா என்று மகன் கேட்டார். கதிர்வீச்சுக் குடல் பாதிப்பைத் தடுக்க அது உதவவில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பணத்தில் முட்டை வாங்குங்கள் என்றேன். வாயால் சாப்பிடும் சுக்ரால்ஃபேட், மெசலமைன் என்ற மருந்துகளும்கூடத் தடுப்புக்காகக் கொடுக்கக் கூடாதவை.

25 தவணையும், 4 உள்கதிர்வீச்சும் மொத்தம் 54 நாளில் முடிந்தன. 5 சிஸ்பிளாட்டினில் 4 போயிருந்தது. கடைசி நாள் எடை 42.5. முடிந்த 5-ஆவது வாரத்தில் மலம் பழைய நிலைக்கு வந்தது. மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகையாக, பாதி அளவில் திரும்பத் தொடங்கினார்கள்.

16 மாதம் கழித்து

நோய் இல்லை. ஆனால் சாப்பிட்ட அரை மணியில் ஓட வேண்டியிருக்கிறது, நாளுக்கு 5 முறை, மஞ்சளாக, தண்ணீரில் மிதக்கிறது என்று வந்தார். இந்த முறை தானாகவே வந்தார். சிகிச்சை முடிந்த நாளில், ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து வயிறு மாறினாலும் வந்து சொல்லுங்கள் என்று தமிழில் எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தத் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கு முன் தெரு மருத்துவர் ஒருவர் மூன்று முறை மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்.

நாள்பட்ட பாதிப்பு முதல் கட்டத்தைப் போன்றதல்ல. குடல் சுவரின் சிறு இரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு, தசை நாராகி இறுகுகிறது. சிலருக்குக் குடல் சுருங்கி அடைப்பு வரும், சிலருக்கு இரத்தம் போகும். இவருக்கு மலக்குடலைக் குழாய் விட்டுப் பார்த்தபோது முன்சுவரில் சில விரிந்த இரத்தக் குழாய்கள் மட்டும் தெரிந்தன. புண் இல்லை. கதிர் பட்ட முன்சுவரில் பரிசோதனைக்காகச் சதை எடுத்தால் ஆறாமல் ஓட்டை விழலாம் என்பதால் மருத்துவர் சதை எடுக்கவில்லை. இரத்தம் மிகக் கொஞ்சம் என்பதால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டாம் என்று விட்டார்.

மிதக்கும் மஞ்சள் மலம்தான் துப்பு. பி12 குறைவாக இருந்தது. பி12-ஐயும் பித்த உப்பையும் உறிஞ்சுவது ஒரே இடம், சிறுகுடலின் கடைசிப் பகுதி. இரண்டும் சேர்ந்து அந்த இடத்தைக் காட்டின. பித்த உப்பைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பவுடர் காலையில் 4 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 6 நாளில் 5 முறை 2 ஆனது. பி12 ஊசி தொடங்கியது. கொழுப்பைக் குறைத்து, சமையல் எண்ணெயை அளந்து ஊற்றச் சொன்னேன். அந்த முதல் 10 தவணைகளில் குடல் வாங்கிய கூடுதல் கதிரால் வந்ததா இது என்று அக்காவின் மகள் கேட்டார். ஒருவரை வைத்து அப்படித் தீர்மானிக்க முடியாது, ஆனால் அது உதவியிருக்காது என்று ஒளிக்காமல் சொன்னேன். நாங்கள் கொடுத்த தாள் தவறானது என்பதையும் சொன்னேன்.

இப்போது எங்கள் பிரிவில் திட்ட ஸ்கேனுக்கு முன் கேட்கும் படிவத்தில் இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன: வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, வந்து சேர எவ்வளவு நேரம். மென்திசுப் படம் முதல் வாரம் தினமும் எடுக்கிறார்கள். தண்ணீர்த் தாள் தமிழ், மராத்தி, உருது மூன்றிலும் இருக்கிறது. தமிழ்த் தாளை முதலில் அக்காவிடம்தான் படித்துக் காட்டினேன். “முழுச் சிறுநீர்ப்பை” என்ற வரியில் நிறுத்தி, “இதை எடுத்திரு தாயி. இங்க வந்து ஒண்ணுக்குப் போயிட்டு, அப்புறம் தண்ணி குடிங்கன்னு போடு,” என்றார். அப்படியே போட்டிருக்கிறோம்.

கொலஸ்டிரமின் மற்ற மாத்திரைகளையும் பிடித்துவைத்துவிடும் என்பதால் சர்க்கரை மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அவர் நாள் இரவு 2 மணிக்கே தொடங்குவதால் நேரம் வைப்பது சிக்கலாக இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக் கிளம்பியதும் மோரில் பவுடர், முதல் நடை முடித்துப் பாத்திரம் காலியாகித் திரும்பியதும் மாத்திரை. கடிகாரம் வைத்துப் பார்த்தோம். இடையில் 4 மணி 20 நிமிடம்.